பெயர் கூப்பிடும் நேரம்

“செத்தவ எப்படி அண்ணாச்சி பதில் சொல்லுவா?”

“அவ சொல்லியிருக்க மாட்டா, மேடம். பக்கத்து ரூம்ல யாராவது சொல்லியிருப்பாக. இங்கன யாரு பேரைக் கூப்பிட்டாலும் யாராவது ஒருத்தர் ‘இருக்கேன்’னுதான் சொல்லுதாக. அவுகவுக பேரே அவுகவுகளுக்கு நெனப்புல இல்ல.”

“டாக்டர் சான்றிதழ்ல ஜனவரி இருபத்தொண்ணுன்னு இருக்கு. நான் வந்து பேர் கூப்பிட்டு டிக் போட்டது இருபத்தஞ்சு.”

இல்லத்தை நடத்தும் மந்திரமூர்த்தி மேசையில் சிந்தியிருந்த டீயைத் துண்டின் நுனியால் துடைத்தார். பிறகு துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார்.

மேலும் கேட்கக் குழல்வாய்மொழிக்குத் தெம்பில்லை. முதியோர் இல்லங்களைத் தணிக்கை செய்யும் வேலைக்கு அவள் வந்து ஆறு வருஷமாகிறது. ஐந்தருவி போகிற சாலையில், முன்பு சீசன் லாட்ஜாக இருந்த இந்தக் கட்டடத்தில், பேரும் ஊரும் மறந்துபோன பதினாறு கிழவர் கிழவிகள் இருந்தார்கள். மந்திரமூர்த்தி அறைகளின் உள்தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டு வெளித்தாழ்ப்பாளை மட்டும் வைத்திருந்தார். கதவின் அடிப்பலகையைச் சோற்றுத் தட்டு நுழையும் அளவுக்கு அறுத்திருந்தார். அறைகளை வெளியே தாழிடக் கூடாது என்பதுதான் விதி. ஒவ்வொரு முறையும் அவள் அதைச் சொல்வாள், ஒவ்வொரு முறையும் அவர், “திறந்து விட்டா அருவிக்குப் போயிருதாக, மேடம். போன சீசன்ல ஒருத்தர் போனாரு. செருப்புதான் கெடச்சுது” என்பார். ஆகவே நடைக்கூடத்தின் முனையில் நின்றபடி பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவாள். கதவுகளுக்குப் பின்னாலிருந்து ‘இருக்கேன்’ வரும். டிக் போடுவாள். பஸ் பிடிப்பாள்.

ஒன்பதாம் அறைப் பேச்சித்தாயும் ஜனவரியில் அப்படித்தான் பதில் சொன்னாள். மறுநாள் கதவைத் திறந்தபோது அவள் இறந்து ஐந்து நாளாகியிருந்தது.

“அந்த அஞ்சு நாளும் தட்டு காலியாத்தானம்மா வந்துச்சு” என்றாள் வேலைக்காரி பாலம்மாள், வாசலில் நின்றபடி. “நாந்தான் எடுத்தேன். வழிச்சு நக்குன மாதிரி இருந்துச்சு.”

“எலி தின்னிருக்கும். நீ போய் வேலையப் பாரு” என்றார் மந்திரமூர்த்தி.

இல்லத்தின் உரிமம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அவள் கையெழுத்துப் போடாவிட்டால் பதினாறு பேரும் தெருவுக்கு வர வேண்டும். போட்டால், காலியாகக் கிடக்கும் ஒன்பதாம் அறையில், நினைவு தப்பிப்போன அவளுடைய அம்மா உலகம்மையைச் சேர்த்துவிடலாம். போன மாதம் வாய் தவறி மந்திரமூர்த்தியிடம் கேட்டும் இருந்தாள். கேட்ட நாளிலிருந்து அவர் அவளுக்கு எதிரே உட்காரும் தோரணையே மாறியிருந்தது. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. இரண்டு வருஷமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காதவளுக்குக் கோபப்படுவதும் ஒரு வேலைதான்.

“இன்னைக்கு எல்லாக் கதவையும் திறந்து ஆளைப் பார்த்துத்தான் டிக் போடுவேன்” என்றாள்.

மத்தியானம் மூன்று மணிதான் ஆகியிருந்தது. ஆனாலும் மாடியில் விளக்கு வைக்கும் நேரத்து இருட்டு. சாரல் காலையிலிருந்தே விடவில்லை; கரண்டும் இல்லை. ஈரம் குடித்த சுண்ணாம்பின் வாடையும் பினாயிலும் மூத்திரமும் பழைய லாட்ஜின் வாசனைத் தைல நெடியும் ஒன்றோடொன்று கலந்து நடைக்கூடம் முழுக்க ஒரு போர்வையைப் போல் தொங்க, தூரத்தில் ஐந்தருவி இரைகிற சத்தம், யாரோ பக்கத்து அறையில் ஓயாமல் மூச்சு விடுவதைப் போல் சுவருக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது.

பாலம்மாள் அரிக்கேன் விளக்கைப் பிடித்தாள். மந்திரமூர்த்தி தாழ்ப்பாள்களை ஒவ்வொன்றாக நீக்கினார். முதல் அறை. இரண்டாம் அறை. கட்டிலில் ஒரு போர்வை அசைந்து, “இருக்கேன்” என்றது. நான்காம் அறையில் பழைய வாத்தியார் ஒருவர் எழுந்து நின்று, “லீவு லெட்டர் கொண்டாந்தியாட்டி?” என்றார்.

“கொண்டாந்திருக்கேன், சார்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“இன்னைக்கு அரை நாளைக்கு” என்று அவள் வாயில் வந்ததைச் சொன்னாள்.

அரை நாள். காலையில் தென்காசி வீட்டில் அம்மாவிடம் அதைத்தான் சொல்லிவிட்டு வந்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பால் காய்ச்சுகிறேன் என்று அம்மா அடுப்பில் கையை வைத்துவிட்டாள். வலது கட்டைவிரல் கொப்புளித்துப் போயிற்று. காலையில் பழைய பச்சைத் தாவணியில் ஒரு துண்டு கிழித்து இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டு, அம்மாவைப் பின்னறையில் விட்டுக் கதவை வெளியே தாழிட்டாள். பகலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு நூருன்னிசா, கல்யாணத்துக்கென்று இலத்தூர் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்; இப்போதே மணி மூன்று தாண்டிவிட்டது. தாழ் போடும்போது உள்ளிருந்து அம்மா என்னவோ கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. காதில் விழாததுபோல் வந்துவிட்டாள்.

தண்ணீர்ச் செம்பை உள்ளே வைத்தோமா?

ஐந்தாம் அறை. ஆறாம் அறை. செம்பைக் கழுவியது நினைவிருந்தது. குடத்தைச் சாய்த்து நிரப்பியதும் நினைவிருந்தது. ஏழாம் அறைக் கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாலம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். எட்டாம் அறைக் கதவு திறக்கும்போது, செம்பு அடுப்படித் திட்டின் மேல், குடத்துக்குப் பக்கத்தில், நிறைந்தபடி இருப்பது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

“சீக்கிரம் திறங்க, அண்ணாச்சி. நான் வீட்டுக்குப் போகணும்.”

ஒன்பதாம் அறையில் தாழ்ப்பாளுக்கு மேல் ஒரு பூட்டும் தொங்கியது. “இது சும்மா கெடக்குது, மேடம். ஜனவரியில பூட்டுனது. சாவி கீழ இருக்கு” என்று மந்திரமூர்த்தி இறங்கிப் போனார். ஏழாம் அறைக் கிழவி மறுபடி அழத் தொடங்கவே, பாலம்மாள் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு அங்கே ஓடினாள்.

குழல்வாய்மொழி தனியாக நின்றாள். விளக்கின் வெளிச்சம் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. கதவின் அடியில் அறுத்துவிட்ட இடைவெளி கறுப்பாக இருந்தது. அதிலிருந்து காற்று வந்தது. குளிர்ந்த காற்றல்ல. ஆள் படுத்திருந்த பாயைச் சுருட்டும்போது வருகிற வெதுவெதுப்பான காற்று.

நேரத்தைப் போக்குவதற்காகப் பதிவேட்டைப் பிரித்து விளக்கருகே குனிந்தாள். ஒன்பதுக்கு நேரே பேச்சித்தாயின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே பென்சிலால், மந்திரமூர்த்தியின் குண்டு எழுத்தில், ஒரு புதுப் பெயர். ஆறு வருஷப் பழக்கம். களைப்பு. எழுதியிருந்ததைக் கண் படிக்க, வாய் தானாகக் கூப்பிட்டது.

“உலகம்மை.”

கூப்பிட்ட பிறகுதான் அது யாருடைய பெயர் என்று அவளுக்கு உறைத்தது.

அருவியின் இரைச்சல் நின்றுவிட்டது போலிருந்தது. ஏழாம் அறை அழுகையும் நின்றது.

“இருக்கேன்.”

பக்கத்து அறையிலிருந்து அல்ல. நேர் எதிரே. பூட்டுக்குப் பின்னால்.

யாராவது சொல்லியிருப்பாக. யாருடைய பேருக்கும் யாராவது சொல்லுவாக. அவள் பதிவேட்டை மூடினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள்; அது பூட்டியேதான் இருந்தது.

உள்ளே தரையில் என்னவோ உரசியது. மெதுவாக. உட்கார்ந்தபடியே ஒருவர் நகர்ந்து வருகிற சத்தம். நகரும். நிற்கும். நகரும். தன் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்த சத்தம்.

கதவுக்குப் பின்னால் வந்து நின்றது.

பிறகு மரத்தை நகம் பிறாண்டியது. கீழே. தட்டு நுழையும் இடத்தில்.

நான்கு விரல்கள் வெளியே வந்து தரையைத் துழாவின. நகங்கள் உடைந்திருந்தன, நகக்கண்களில் மரச்சிராய். கடைசியாகக் கட்டைவிரல் வந்தது. அதில் பச்சைத் துணி. காலையில் அவள் போட்ட அதே இரட்டை முடிச்சு. துணி காய்ந்து, விரலோடு ஒட்டிப்போயிருந்தது, பல நாளுக்கு முன்னால் கட்டியதைப் போல.

கை, விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து திரும்பிக் காத்திருந்தது. காலையில் காதில் விழாததுபோல் விட்டுவிட்டு வந்த குரல், அதே வார்த்தைகளை, அதே பொறுமையோடு, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

“ஏட்டி கொழலு, தண்ணி தவிக்கி. ஒரு வாய் தந்துட்டுப் போயேன்.”