கரை உடைந்த மத்தியானம்

“ஹலோ! அப்படியே நில்லுங்க! அடுத்த காலை வச்சீங்க… அவ்வளவுதான்!”

மார்லூஸ் போட்ட கூச்சலில், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வுக்கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். செயற்கை அலை எழுப்பிப் பார்க்கும் திறந்தவெளித் தொட்டி அது, ஒரு தெருவளவு நீளம். அதன் கோடியில் அவள் பார்த்துப் பார்த்து எழுப்பிய புல்கரை. ஃப்ரீஸ்லாந்துக் கடலோரத்திலிருந்து மண்ணோடு வெட்டி, லாரியில் கொண்டுவந்து பதித்த நிஜப் புல். அதன் மேல் ரப்பர் பூட்ஸோடு ஒருவன் நிற்கிறான். அதுவும் ஒற்றைக் காலில்…

“வைக்கக் கூடாதுன்னா சரி. எவ்வளவு நேரம் இப்படியே நிக்கணும்?” என்றான்.

“நானே இது மேல ஏறினதில்ல, தெரியுமா? யாரு உங்களை உள்ள விட்டது?”

“இது எங்க ஊர்ப் புல்லுங்க. நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து மிதிச்சிட்டிருக்கேன். எங்க ஊர் ஆடெல்லாம் உங்ககிட்ட கேட்டுட்டா ஏறுது?”

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். தூறல் அவன் இமைகளில் நின்றது. மழை விட்டதும் வடகடல் ஒரு சாம்பல் கலந்த நீலம் காட்டுமே… அந்த நிறத்தில் கண்கள். ‘பூட்ஸைப் பாருடி, கண்ணை ஏன் பார்க்கிற!’

பெயர் யெல்மர். ஃப்ரீஸ்லாந்தில் கரைகளைக் காக்கும் நீர்வாரியத்து இன்ஜினியர். இன்றைய சோதனைக்குச் சாட்சியாக வந்திருக்கிறான். புயலலை கரையைத் தாண்டி வழிந்தால் மறுபக்கத்துப் புல் தாங்குமா, தாங்காதா? தாங்கினால் கரை இருக்கிறபடியே இருக்கும். தாங்காவிட்டால் அகலப்படுத்த வேண்டும். கரையடியில் இருக்கிற வீட்டு வரிசை மொத்தமும் போய்விடும்.

மத்தியானம் இருவரும் ரொட்டி டப்பாவைத் திறந்தார்கள். இருவர் டப்பாவிலும் அதே ரொட்டி, அதே சீஸ்.

“உங்க கணக்கு என்னங்க சொல்லுது?”

“உடையும்.”

“எங்க ஆபீஸ் தாங்கும்கறாங்க. பந்தயமா? தோத்தவங்க ஆப்பிள் கேக் வாங்கித் தரணும்.”

“க்ரீமோட!” என்றாள் மார்லூஸ். சொன்ன வேகத்தில் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சோதனை தொடங்கியது. தொட்டியின் அந்தப் பக்கத்து இரும்புச் சுவர் மெல்ல அசைந்தது… அலை எழும்பியது! ஓடி வந்து கரையில் ஏறி, உச்சியைத் தாண்டி, புல்லின் மேல் வெள்ளையாகச் சரிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தொட்டியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அவள் புல்லைப் பார்த்துக் கத்தினாள்.

“விடாத… பிடிச்சுக்கோ… பிடிச்சுக்கோ!”

“மேடம், உங்க கணக்குக்கு எதிரா நீங்களே கத்துறீங்க!”

அட, ஆமாம்! ஆராய்ச்சிக் கணக்கே கவிழ்ந்தாலும் பரவாயில்லை, இந்தப் புல் ஜெயிக்கட்டும் என்று கத்துகிறாளே… என்ன ஆயிற்று இவளுக்கு?

கடைசி அலையும் ஓய்ந்தது. புல் அப்படியே இருந்தது. யெல்மர் துள்ளிக் குதித்து அவள் கைகளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். உடனே ஃபோனை எடுத்தான்.

“அம்மா! தாங்கிடுச்சும்மா! நம்ம வீட்டை இடிக்க வேண்டாம்!”

நம்ம வீடா? மார்லூஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை ஏன் சொல்லவே இல்லை இவன்? திரும்பியவளின் பார்வை தொட்டியின் சுவரில் போய் நின்றது. தண்ணீர், நிற்க வேண்டிய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

பம்பு! கரையைத் தாண்டி வழிந்த தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள் தள்ளும் பம்பை அவள் போடவே இல்லை. தண்ணீர் குறையக் குறைய அலையும் குட்டையாகிப் போயிருக்கிறது. புல் தாங்கியது அசல் புயலை அல்ல. வேறு யாரும் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் அவன் வீடு தப்பும். அவன் இப்படியே சிரித்துக்கொண்டிருப்பான்…

“யெல்மர்… இந்தச் சோதனை செல்லாது.” அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டினாள். “தப்பு என்னோடது. பம்பு போடல.”

அவன் ஃபோனைக் கீழே இறக்கினான். “இதை இப்பதான் சொல்லணுமா?”

“அந்த வீட்லதானே உங்கம்மா தூங்குறாங்க?”

அவன் விறுவிறுவென்று வெளியே போனான். கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பம்பைப் போட்டாள். தண்ணீர் கோட்டைத் தொட்டதும் மறுபடி அலையை விடச் சொன்னாள்.

பாதியில் பக்கத்தில் ஆளரவம். யெல்மர்! கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கொத்துப் புல் பெயர்ந்தது… பிறகு பாய் அளவு… பிறகு பழுப்பு மண் குபுகுபுவென்று சரிய, கரை உடைந்தே போனது.

“ஸாரி,” என்றாள் தாழ்ந்த குரலில்.

அவன் மறுபடி அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். அந்தம்மாவின் குரல் அவளுக்கும் கேட்டது. “அழுகையாத்தான்டா வருது… ஆனா நான் படுத்திருக்கிறப்ப உடையலையே. யாரு கண்டுபிடிச்சா?”

“மார்லூஸ்னு ஒரு பொண்ணு.”

“பேரைச் சொல்றப்பவே குரல் குழையுதே! வீடு நிக்கிறப்பவே அவளை ஒரு நாள் கூட்டிட்டு வா, ஒரு வாய் சாப்பிடட்டும்.”

யெல்மரின் காது மடல் சிவந்தது. ஃபோனை வைத்துவிட்டு நேராக அவளைப் பார்த்தான்.

“அப்படி ஒரு கோவம் உன் மேல. கார் வரைக்கும் போயிட்டேன். நீ சும்மா இருந்திருந்தா சாட்சின்னு கையெழுத்துப் போட்டுட்டு, எங்கம்மாவை அந்தக் கரைக்கடியிலயே தூங்க வச்சிருப்பேன். நினைச்சா உடம்பெல்லாம் நடுங்குது…” மூச்சு வாங்கினான். “உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, மார்லூஸ். ரொம்ப. எப்ப வர்ற எங்க வீட்டுக்கு?”

‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது? ஒரு காபிக்கே வாரக்கணக்கில் முன்கூட்டி நாள் குறிக்கிற ஊர் அது. மார்லூஸ் காலண்டரைத் தொடவே இல்லை.

“இன்னிக்கே வரேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷத்துல நான் பம்பு போட மறந்ததே இல்ல… ஏன் மறந்தேன்னு கேளேன்.”

“ஏன்?”

“உன்னையே பார்த்துட்டிருந்தேன்.”