டாக்டர் வண்டிக்கு வந்த மூன்றாவது வியாதி

"என் வண்டி என்னைக் கொல்லப் பார்க்குது" என்றார் டாக்டரம்மா.

பதறாமல்தான் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில், தினமும் சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர். ஆனால் மேஜைமேல் வைத்த கார் சாவியிலிருந்து கையை மட்டும் எடுக்கவே இல்லை.

எதிரே இருந்தவரை ஊரே இன்சூரன்ஸ்காரர் என்றுதான் கூப்பிடும். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி எப்படிப் பட்டது என்று கம்பெனிக்குச் சொல்லியே தலை நரைத்தவர். வேலையை விட்டும் பெயர் அவரை விடவில்லை. பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. இந்த மச்சானுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் எந்தக் காரில் எது எப்போது கெட்டுப்போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"என்ன வண்டி மேடம்?" என்று மச்சான் முந்திக்கொண்டார்.

டாக்டரம்மா ஜன்னல் வழியே கீழே காட்டினார். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன சொகுசு எஸ்யூவி நின்றது.

"ஐயோ, இதுவா! பார்க்க லட்சணமா இருக்கும், உள்ளே பூரா வியாதி. கூலன்ட் ஒழுகும், டர்போ குழாய் பிச்சுக்கும், ஆயில் சொட்டும், ஸ்கிரீன் உறைஞ்சு நிக்கும். ஒரு பம்ப் மாத்துற செலவுல புது பைக்கே வாங்கிடலாம்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதனாலதான் நான் சொல்றதை யாரும் காதுல வாங்கல."

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பு ஒரு கட்டிடத்தில் லிப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த ஆபரேட்டரை இவரிடம்தான் தூக்கி வந்தார்கள். "ரோப் தேஞ்சு போச்சுன்னு சார்கிட்ட சொன்னேனே" என்று திரும்பத் திரும்பப் புலம்பிக்கொண்டே அந்த ஆள் செத்துப்போனான். எந்த சார் என்று சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. டாக்டரம்மாதான் முக்கியமான சாட்சி. விசாரணை நடப்பது மலைக்கு அந்தப் பக்கத்து நகரத்தில்.

"முதல் தடவை கிளம்பினேன், மலை ஏறும்போது இன்ஜின் கொதிச்சு நின்னுடுச்சு. கூலன்ட் சுத்தமா இல்ல. ரெண்டாவது தடவை, பாதி ஏத்தத்துல வண்டி இழுக்கவே இல்ல, டர்போ குழாய் போயிடுச்சாம். பின்னாடி வந்த லாரிக்காரன் நூலிழையில ஒதுங்கினான். ரெண்டு தடவையும் விசாரணையைத் தள்ளி வச்சாங்க. நாளை மறுநாள் மறுபடி போகணும்."

"மத்த நாள்ல?"

"ஆயில் சொட்டும், ஸ்கிரீன் உறையும். ஆனா வழியில விட்டதில்ல."

"அந்த ரெண்டு நாள் காலையில மட்டும் வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?"

டாக்டரம்மா யோசித்தார். "கடிகாரம் தப்பாக் காட்டுச்சு. நான் ஏழு மணிக்குக் கிளம்பறேன், அது ஒரு மணிங்குது. ஜன்னல் கண்ணாடியும் ஒரு தட்டுல ஏறல, விரலை எடுக்காம அழுத்திக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு. எலக்ட்ரிகல் கோளாறுன்னு ஒர்க்ஷாப்ல பேட்டரியையே மாத்திட்டாங்க."

"அதுவும் இந்த வண்டிக்கு வர்ற வியாதிதான் அத்தான்" என்றார் மச்சான்.

இன்சூரன்ஸ்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. "யார்மேல சந்தேகம்?"

டாக்டரம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "என் வீட்டுக்காரர் மேல. பழைய வண்டின்னு தெரிஞ்சே அவர்தான் வாங்கினார். வித்துடலாம்னு சொன்னா எரிஞ்சு விழறார்."

மறுநாள் இருவரும் ஒர்க்ஷாப்புக்குப் போனார்கள். மெக்கானிக் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். அந்த வண்டியின் ரேடியோவில் ஓடிய பாட்டை அவரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார், கொஞ்சமும் சுருதி சேராமல்.

"டாக்டர் வண்டியில குழாய் உடைஞ்சிருந்துச்சா, கழண்டிருந்துச்சா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தடவையும் கழண்டுதான் இருந்துச்சு சார். ஆனா இந்த வண்டியில அந்த இடம் போறது சகஜம். அதான் செட்டோட புதுசு மாத்திட்டேன்."

நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மருந்து எழுதித் தரும் வைத்தியம் அது. பில் மட்டும் ஆளை மயக்கம் போட வைக்கும்.

"பேட்டரி எங்க இருக்கு?"

"டிக்கியில சார், அடித்தட்டுக்குக் கீழே. குழாய் வேலைக்கு யாரு அங்க போகப் போறா?"

சாயங்காலம் டாக்டரம்மாவின் வீடு. வாசலை ஒட்டிய கார் ஷெட்டில் பல்பு எரியவில்லை. "இருங்க சார், நான் மாத்தறேன்" என்று உள்ளேயிருந்து ஒருவன் ஓடி வந்தான். டாக்டரம்மாவின் தம்பி, அவர்களோடுதான் இருக்கிறான். புது பல்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். உடனே வீடு மொத்தமும் இருண்டது.

"டேய், மேட்ச் ஓடிக்கிட்டிருக்குடா!" என்று உள்ளே டாக்டரம்மாவின் கணவர் கத்தினார்.

"ஒரே நிமிஷம் மாமா!"

ஷெட்டுக்குத் திரும்பி வந்து பல்பை மாட்டி, மறுபடி உள்ளே போய் மெயினைப் போட்டுவிட்டு வந்து சிரித்தான். நல்ல சிரிப்பு. "அப்பா கரண்ட் அடிச்சுப் போனப்புறம் அக்காதான் சார் என்னை வளர்த்தாங்க. அவங்க வண்டி இப்படிப் படுத்துதேன்னு எனக்கும் கவலைதான்."

"தம்பிக்கு என்ன வேலை?"

"லிப்ட் பராமரிப்பு. இப்ப சூப்பர்வைசர். அந்த விழுந்த லிப்ட்கூட எங்க கம்பெனி பார்த்ததுதான். அக்கா சொல்லலையா?"

அக்கா சொல்லியிருக்கவில்லை.

"மெஷின்னா அப்படித்தான் சார். லிப்டும் சரி, இந்த வண்டியும் சரி. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் ஒரு நாள் கையை விரிச்சுடும்" என்று வண்டியின் கூரையை மெல்லத் தட்டினான்.

கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் இருட்டு பிரியும் முன்பே பூங்காவுக்கு நடக்கப் போவதாகவும், வண்டியைப் பற்றித் தன்னிடம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு மேட்ச் பார்க்கப் போய்விட்டார்.

"இவர்தான் அத்தான். மூஞ்சியே சரியில்ல" என்றார் தெருவில் மச்சான்.

"மூஞ்சியை வச்சு முடிவு பண்ணா உன்னை என்னைக்கோ உள்ளே போட்டிருப்பாங்க. காலையில அவர் பின்னாடியே நட. கண்ணை எடுக்காதே."

விசாரணை நாள் விடிந்தது. வானம் மூடிக்கிடந்தது. ஏழு மணி ஆகும் நேரம் கார் ஷெட்டில் எல்லோரும் இருந்தார்கள். சாவியோடு டாக்டரம்மா, வியர்வையோடு கணவர், அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மச்சான், காபிக் கோப்பையோடு தம்பி, வரச்சொல்லி வந்த மெக்கானிக்.

"என்ன நாடகம் இது?" என்றார் கணவர்.

இன்சூரன்ஸ்காரர் சாவியை வாங்கி வண்டிக்குள் உட்கார்ந்தார். இன்ஜினைக் கிளப்பவில்லை. பாதி மட்டும் திருகினார். கடிகாரம் ஒரு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கி, மேலே ஏறப் பொத்தானை ஒரு தட்டு தட்டினார். கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. "அதே மாதிரிதான்" என்றார் டாக்டரம்மா.

மெக்கானிக் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் விரல் ஈரமாக இருந்தது.

"பிரேக் குழாய் நட்டைத் தளர்த்தி விட்டிருக்கு சார். ஊருக்குள்ள நாலு தடவை பிடிக்கும். மலை இறக்கத்துல..."

இன்சூரன்ஸ்காரர் இறங்கினார். "இந்த வண்டிக்கு உண்மையான வியாதிகள் இருக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் ஒளிஞ்சுக்கிட்டார். எது கெட்டாலும் வண்டி மேலதானே பழி போகும்? ஆனா கடிகாரத்துக்கு வியாதி இல்ல. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா இதுல மணி பன்னெண்டுல இருந்து ஆரம்பிக்கும். ஒரு தட்டுல ஏறற பழக்கத்தைக் கண்ணாடியும் மறந்துடும். இப்ப ஏழாகப் போகுது, கடிகாரத்துல ஒண்ணாகப் போகுது. அப்போ ஆறு மணிக்கு யாரோ மாட்டியிருக்காங்க."

"ஆறு மணிக்கு இவர் பூங்காவுல இருந்தார் அத்தான். என்ன வேகம் நடக்கறார், என் உயிரே போச்சு" என்றார் மச்சான்.

"வண்டியை ஏன் விக்கலை?" என்று கணவரைக் கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"எல்லாரும் வேண்டாம்னாங்க, நான் கேட்கல. வித்தா ஏமாந்தேன்னு ஒத்துக்கணும். அவ்வளவுதான்" என்று கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மெக்கானிக்கும் இல்ல. அவர் ரேடியோவைக்கூட அணைக்காம வேலை பார்க்கற ஆள். ஒரு குழாயைத் தளர்த்த டிக்கியைத் திறந்து பேட்டரியைக் கழட்ட வேண்டிய அவசியமே இல்ல. கரண்டை கட் பண்ணாம எதையும் தொடக்கூடாதுன்னு கை பழகின ஒருத்தர்தான் அதைச் செய்வார். ஒரு பல்புக்காக வீட்டையே இருட்டாக்கற ஒருத்தர். நேத்தே சொல்லியிருந்தா, டாக்டர், நீங்க நம்பியிருக்க மாட்டீங்க."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். கோப்பையிலிருந்து காபி தளும்பிக் காலில் கொட்டியது. அவனுக்குச் சூடு தெரியவில்லை.

"இல்லேன்னு சொல்லுடா" என்றார் டாக்டரம்மா.

"அந்த சார் நான்தான்க்கா." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ரோப் தேஞ்சிருக்குன்னு என்கிட்டதான் சொன்னான். அப்புறம் பார்க்கலாம்னு விட்டுட்டேன். யாரும் என்கிட்ட சொல்லலைன்னு விசாரணையில எழுதியும் குடுத்துட்டேன். நீ போய்ப் பேசினா நான் ஜெயிலுக்குத்தான் போகணும். முதல் ரெண்டு தடவை உன்னை நிறுத்தத்தான்க்கா பார்த்தேன்."

"இன்னைக்கு?"

அவன் கோப்பையைத் தரையில் வைத்தான்.

டாக்டரம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊட்டி வளர்த்த முகம். கடைசியில் அவர் கேட்டது யாரும் எதிர்பார்க்காத கேள்வி. "பேட்டரியை எதுக்குடா கழட்டின? கழட்டாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"நீதானேக்கா சத்தியம் வாங்கின. அப்பா மாதிரி நானும் போயிடக் கூடாதுன்னு, முதல் நாள் வேலைக்குப் போறப்ப என் கையை உன் தலைமேல வச்சு. எதைத் தொட்டாலும் முதல்ல கரண்டை கட் பண்ணணும், மீறினா உன்னை உயிரோட பார்க்க முடியாதுன்னு." அவன் அழ ஆரம்பித்தான். "இதுவரைக்கும் ஒரு தடவைகூட மீறினதில்லக்கா."

இன்சூரன்ஸ்காரர் தெருமுனையில் நிறுத்தி வைத்திருந்த போலீஸ்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தார். "ஒரு டாக்ஸி கூப்பிடுங்க. விசாரணைக்கு நேரமாச்சு" என்றார். டாக்ஸி வந்ததும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கணவரும் கேட்காமலே ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி மலைச்சாலைப் பக்கம் திரும்பியது.

திரும்பி நடக்கும்போது மச்சான் வழியில் நின்ற எந்தக் காரைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. பாதித் தூரம் போனதும் போனை எடுத்தார்.

"ஒண்ணுமில்லக்கா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். "சாப்பிட்டியா?"