மூத்தாள் புடவை

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்க ஊரில் அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்ததுமே ப்ரியம்வதாவின் கண் ஹாலில் தொங்கிய ஓவியத்தின் மேல்தான் போனது. ஸ்காட்லாந்துப் பிரபு ஒருவர், பக்கத்தில் மனைவி, காலடியில் மூன்று பிள்ளைகள். அதன் கிட்டே போனால் ஈரக் கம்பளி வாடை அடித்தது.

"டன்கெயர்ன் பிரபுவாம். இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி வாழ்ந்தவர்" என்றாள் வீட்டை விற்றுக் கொடுத்த ஜூடித். "அவரோட கடைசிப் பையன்தான் இங்க வந்து இந்த வீட்டைக் கட்டினான். படத்துல இருக்கற பிள்ளைங்க மூணும் பிரபுவோட மூத்த சம்சாரத்துக்குப் பொறந்தது. அவ செத்ததும், ரெண்டாவதா வந்தவ பெயின்ட்டரைக் கூப்பிட்டு அவ மூஞ்சி மேலயே தன் மூஞ்சியை வரையச் சொல்லிட்டா."

"கெட்டிக்காரி!" என்று சிரித்தாள் ப்ரியம்வதா.

சிரிக்காமல் என்ன செய்வாள்? அவளும் பத்ரிக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டவள்தானே! செத்துப்போன ருக்மிணியின் பேரைக் கேட்டாலே அவளுக்கு வயிறு எரியும். ருக்மிணி வைத்த ரசம், ருக்மிணி போட்ட கோலம், ருக்மிணி பெற்ற தீக்ஷா. அந்த ஆறு வயதுக் குழந்தை இவளை இன்னும் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டது. ஒரே ஒரு தடவை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டால் போதும், புருஷனும் குழந்தையும் முழுசாகத் தனக்கே என்று ஆகிவிடும். அதற்காகத்தான் தவித்துக்கொண்டிருந்தாள்.

கிரகப்பிரவேசத்தன்று காலையில் பத்ரி ஒரு புதுப்புடவையோடு தயங்கித் தயங்கி வந்தான்.

"ப்ரியா, மூத்தாளுக்குப் புடவை வெச்சு நமஸ்காரம் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமே. எங்காத்து வழக்கம்."

"என் ஆத்துல அவளுக்கு என்ன வேலை?"

வெடுக்கென்று புடவையைப் பிடுங்கித் தானே கட்டிக்கொண்டாள். போதாததற்கு, வீம்புக்கென்றே, ஓவியத்தில் இருந்த இரண்டாம் மனைவியின் நெற்றியில் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் குங்குமம் வைத்த இடத்தில் சாயம் உரிந்திருந்தது.

உள்ளே இன்னொரு கண்.

'ஹீட்டர் சூட்டுக்கு உரியறது, வேறென்ன' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் நாளுக்கு நாள் மூக்கு தெரிந்தது. பிறகு உதடு. பத்ரி ஒருநாள் "ருக்கு, காபி" என்றான். நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று பார்த்தாள். கடித்துக்கொள்ளவில்லை.

தீக்ஷா ஓவியத்தடியில் உட்கார்ந்து கிசுகிசுத்தது.

"யாரோட பேசறே, கண்ணா?"

"அம்மா. ஷி இஸ் ஆல்மோஸ்ட் ஹியர்."

பனி கொட்டிய ஒரு மத்தியானம், காய்கறிப் பையோடு உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். தரையெல்லாம் சாயப் பொருக்கு. ஓவியத்தில் மூத்தவள் முழுசாக உட்கார்ந்திருந்தாள். இளையவளின் முகம் எங்குமே இல்லை.

"பத்ரி!"

சமையலறையிலிருந்து இருவரும் வந்தார்கள். தீக்ஷா அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அப்பா, ஹூ இஸ் திஸ் ஆன்ட்டி?"

பத்ரி சிரித்தான். வாசலுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வாங்கோ, உக்காருங்கோ. ருக்மிணியைத்தானே பாக்க வந்தேள்? மாடியில இருக்கா."

மாடிப்படி கிரீச்சிட்டது.

மறுபடியும் கிரீச்சிட்டது.

"அம்மா!" என்று கூவிக்கொண்டு குழந்தை ப்ரியம்வதாவைத் தாண்டிப் படிக்கட்டுக்கு ஓடியது.