நீட்டிய கை

மூச்சை அடக்கிய பிறகும் மூச்சுச் சத்தம் கேட்டது.

கைவிடப்பட்ட கல்குவாரியில் தேங்கிய குளம் அது. ஓரத்தில் கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டு, முதுகில் கட்டிய காற்று உருளையின் வாய்க்குழாயைக் கடித்தபடி, மறந்துபோன பாடங்களை அவள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இழுக்கும்போது ஒரு சீறல், வெளியே விடும்போது காதோரம் குமிழிகளின் கொப்பளிப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதன் சுகத்தில் ஒரு கணம் மூச்சை நிறுத்தினாள். சீறல் நிற்கவில்லை. ரொம்பப் பக்கத்தில், நிதானமாக, யாரோ உள்ளே இழுத்தார்கள். இழுத்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே விடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை.

சட்டென்று எழுந்து வாய்க்குழாயைத் துப்பினாள். முங்கல் கற்றுத்தரும் மாஸ்டர் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மகள் கரையில் உட்கார்ந்து, பிஸ்கட்டின் நடுவிலிருந்த கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் தலையும் தண்ணீருக்கு மேலேதான்.

"மாஸ்டர், கீழ வேற யாராவது முங்கியிருக்காங்களா?"

"இன்னிக்கு நம்ம மூணு பேர்தாங்க. ஏன்?"

"நான் மூச்சு விடாதப்பவும் சத்தம் கேட்டுது."

"நீங்க எதுக்கு மூச்சை அடக்குனீங்க? அடக்கக் கூடாதுங்கறதுதானே முதல் பாடமே!" மாஸ்டர் சிரித்தார். "தண்ணிக்குள்ள சத்தம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியாது. கரையில காத்து நிரப்புற மோட்டார் ஓடுது பாருங்க, அதுவாத்தான் இருக்கும்."

தகரக் கொட்டகையில் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்படியே இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இருந்தாலும் மோட்டார் மூச்சு வாங்குமா என்ன?

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மீன் மாதிரி தண்ணீரில் கிடந்தவள். மகள் வயிற்றில் உண்டானதும் நிறுத்தினாள். பிறகு கண்ணாடிக்கடையில் மற்றவர்களின் பார்வையைச் சோதிப்பதிலேயே காலம் ஓடிவிட்டது. இப்போது மகள் பயிற்சி முடித்து, முதல் முங்கல் அம்மாவோடுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். புருஷனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கிளம்பும்போது கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "உன்னை நம்பித்தான் விடறேன். அவ கையை விட்டுடாத" என்றார். வழக்கமாக எதற்கும் பதிலுக்குப் பதில் பேசுகிறவள், அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

"அம்மா, பயமா இருந்தா சொல்லிடு. நீ கார்ல உக்காந்து பாட்டு கேளு. நான் போய்ட்டு வந்து கதை சொல்றேன்."

"வாயை மூடுடி. நான் முங்குன காலத்துல நீ பொறக்கவே இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். டைனோசர் காலம்."

இந்தக் கேலிதான் அவளைக் கெடுத்தது. இடுப்பில் எத்தனை ஈயக்கட்டி வேண்டும் என்று மாஸ்டர் கேட்டபோது பழைய கடல் கணக்கையே சொன்னாள். கடல் வேறு, குளம் வேறு. நல்ல தண்ணீர் அவ்வளவாகத் தூக்காது, இத்தனை ஈயம் கட்டினால் கல் மாதிரி இறங்குவீர்கள் என்றார். மகள் முன்னால் தக்கை மாதிரி மிதந்து மானம் போக அவள் தயாராக இல்லை. "எனக்குத் தெரியும் மாஸ்டர், கட்டுங்க" என்றாள். என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

கறுப்புக் கையுறைகளை மாட்டிவிட்டு மாஸ்டர் கடைசியாகச் சொன்னார். "அடியில சேறு. கிளப்பி விட்டா கண்ணு முன்னாடி கை தெரியாது. அம்மாவும் பொண்ணும் கை கோத்துத்தான் வரணும். ஒரு தடவ அழுத்துனா நல்லா இருக்கியான்னு அர்த்தம், பதிலுக்கு ஒரு அழுத்தல். கை விட்டுப்போச்சுன்னா மட்டும் தேடாதீங்க. நின்ன எடத்துலயே நின்னு கையை நீட்டுங்க. ஜோடி வந்து புடிச்சுக்கும்."

கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். மேலே பச்சையாக இருந்த வெளிச்சம் பாசியின் நிறமாகி, பிறகு கொதித்து ஆறிய டீத்தூள் தண்ணீர் மாதிரியாகி, எங்கோ ஓரிடத்தில் குளிர் ஒரு தரை மாதிரி காலில் தட்டி, அதற்குக் கீழே எல்லாமே மங்கிப்போனது. ரப்பர் வாடை மூக்கிலேயே நின்றது. மகளின் மணிக்கட்டில் கட்டிய விளக்கு முன்னால் ஆடியது. ஒரு அழுத்தல். பதில் அழுத்தல். அந்தச் சின்ன அழுத்தலில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பெற்ற பிள்ளையின் கையைப் பிடித்து இவ்வளவு நேரம் நடந்து எத்தனை காலமாயிற்று!

அப்போது மறுபடியும் அந்தச் சத்தம். மகளுடையது ஒன்று. மாஸ்டருடையது ஒன்று. தன்னுடையது. அவற்றுக்கு நடுவே, உள்ளே மட்டும் இழுக்கிற அந்த இன்னொன்று.

அவள் பதறிக் காலை உதைத்தாள். ஈயம் இழுத்தது. முழங்கால் வரை சேற்றில் இறங்கினாள், மேலும் உதைத்தாள், சேறு கிளம்பி மேலே வந்தது. முகக்கண்ணாடிக்குள் தண்ணீர். கண் எரிந்தது. இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்து மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்றினாள்.

இரண்டு கையாலும்.

ஐயோ.

கையை வீசித் துழாவினாள். சேறு. சேறு. தண்ணீர். நிற்கச் சொன்னார்களே என்பது நினைவே இல்லை. எந்தத் தாய் நிற்பாள்? துழாவத் துழாவச் சேறு இன்னும் பெருகியது. யாரோ அவள் தோள்பட்டையைப் பற்றினார்கள். அலறினாள். மாஸ்டர்.

அவளைச் சேற்றுக்கு மேலே தூக்கிவந்து, தன் முகத்தை அவள் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். மிரண்டவரை அப்படித்தான் பிடிக்க வேண்டும், கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் அவளும் படித்ததுதான். அவள் கீழே காட்டினாள். அவரும் கீழே பார்த்தார். கயிற்றடியில் மகளின் விளக்கு. சொன்ன சொல் தவறாமல், இடுப்பு வரை சேற்று மேகத்துக்குள், அசையாமல், வலது கையை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மாஸ்டர் தலையாட்டினார். பொண்ணு பத்திரம். என்னைப் பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க.

அவளுக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் தோளுக்கு மேலாக மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தங்கம். எவ்வளவு சமர்த்தாக நிற்கிறது.

மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து மகளின் கையைப் பிடித்தது.

உறை இல்லாத கை. வெளுத்து, ஊறிப்போன கை.

மகளின் கை ஒருமுறை அழுத்தியது. அந்தக் கை பதிலுக்கு அழுத்தியது. மகளின் தோள்கள் நிம்மதியாகத் தளர்ந்ததை அவள் பார்த்தாள்.

கீழே காட்டினாள். வெறிபிடித்தவள் மாதிரி காட்டினாள். மாஸ்டர் அவள் விரலைப் பொத்தி, தன் கண்ணைக் காட்டினார். உதறினாள். பிடி இறுகியது. தண்ணீருக்குள் காற்றுக்கு ஜாடை உண்டு, குளிருக்கு உண்டு, காது வலிக்குக்கூட உண்டு. அது நானில்லை என்பதற்கு ஜாடை இல்லை. வாய்க்குழாயைத் துப்பிக் கத்தினாள். கத்தல் முழுக்கக் குமிழியாகப் போனது. மாஸ்டர் குழாயை அவள் வாயில் திணித்து, எடுக்க முடியாதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோனார். வேகமாகப் போனால் நுரையீரல் கிழியும் அல்லவா. நல்ல மனுஷர். தொழில் தெரிந்தவர்.

கீழே இன்னொரு வெளுத்த கை எழுந்தது. கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே இழுத்துக் காட்டியது.

காற்று இல்லை.

மகள் யோசிக்கவே இல்லை, அந்தக் கையில் உறை இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. நன்றாகப் படித்த பிள்ளை. மார்பில் தொங்கிய உபரிக் குழாயை எடுத்து, அம்மாவுக்கு ஊட்டுகிற மாதிரி, மேகத்துக்குள் நீட்டினாள்.

சீறல். நீளமாக. உள்ளே. உள்ளே. உள்ளே.

மேலே வந்த குமிழிகள் மகளுடையவை மட்டும். அவையும் சிறுத்தன.

விடுடி. கையை விடு. கண்ணு, விடு.

மகள் நிமிர்ந்தாள். தலைக்கு மேலே, மாஸ்டரின் பிடியில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் வலது கையைப் பார்த்தாள்.

உதறினாள். இன்னொரு முறை உதறினாள்.

மாஸ்டர் அம்மாவின் கன்னத்தைத் தட்டி, விரலை வளைத்துக் கேட்டார். சரியா?

விளக்கு கயிற்றை விட்டு நகர்ந்தது. ஒரு அவசரமும் இல்லாமல், பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போகிற வேகத்தில், குளத்தின் நடுப்பக்கமாக. அது கட்டியிருந்த இடது கை மட்டும் அம்மாவை நோக்கி நீண்டே இருந்தது. அதன் வெளிச்சம் நேராக அவள் கண்ணில் அடித்தது.