சாய்ந்து நின்ற கோல்கீப்பர்

கதவைத் தட்டாமல் வீட்டுக்கார அம்மாள் ஹில்டா மாடிக்கு வந்தது அதுவே முதல் தடவை. பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்த நடேசன், வாசனைக்காகத்தான் சண்டைக்கு வருகிறாள் என்று பயந்து ஜன்னலைத் திறக்க ஓடினான். ஆனால் அவள் கண்கள் சிவந்திருந்தன. கையில் ஒரு புகைப்படம் இருந்தது.

"என் அப்பா ஆட்டத்தை விற்றவரா? நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஹெர் ரகுநாதன்."

நடேசனோடு மாடியில் குடியிருந்த ரகுநாதன், ஜெர்மனியின் ஆஹென் நகரில் உலோக ஆராய்ச்சி செய்பவர். ஆய்வுக்கூடத்தில் தொலைந்த பிளாட்டினக் கிண்ணத்தை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததிலிருந்து, அந்தத் தெருவே அவரைப் போலீஸுக்கு ஒரு படி மேலே வைத்திருந்தது. அவர் நிதானமாக ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ஹில்டாவின் அப்பா எட்வின் ஹார்க்ரேவ் இங்கிலாந்தின் அமெச்சூர் கால்பந்து வீரர். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர். ஆடுவதற்கு ஒரு காசு வாங்கியதில்லை. 1903இல் தன் குழுவோடு விருந்தாளியாக ஆஹெனுக்கு ஆட வந்தார். ஒரே ஒரு பெனால்டியில் உள்ளூர் கிளப் வென்றது. மறு வருஷமே அவருக்கு இங்கே ஆசிரியர் வேலை, அந்தக் கிளப்பிலேயே பயிற்சியாளர் பதவி. முதல் உலகப் போரில் எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்தும் இந்த ஊரை விட்டுப் போகாமல் இங்கேயே இறந்தார்.

இப்போது, 1968இல், அந்த வெற்றியின் விழாவுக்காகக் கிளப்பின் பரணைக் குடைந்தவர்களுக்கு இந்தப் படம் அகப்பட்டிருக்கிறது. எதிராளி பெனால்டியை உதைக்கக் காலை ஓங்கியிருக்கிறான். பந்து இன்னும் தரையில்தான். கோல்கீப்பர் ஹார்க்ரேவோ கையைக் கட்டிக்கொண்டு கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்கிறார். தொலைவில் அவருடைய குழுவின் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாரும் முதுகைக் காட்டி நடுக்கோட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.

"வேலைக்காக விற்றார் என்கிறார் கிளப் செயலாளர் கெஸ்லர். இன்று மாலை சுவரிலிருந்து அப்பாவின் படத்தைக் கழற்றப் போகிறார்கள். அப்பா என்னோடு சீட்டாடும்போது என் சீட்டு தற்செயலாகக் கண்ணில் பட்டால்கூட அந்த ஆட்டத்தை எனக்கே விட்டுவிடுவார். அவரா விற்றார்?"

அவள் படத்தை வைத்துவிட்டுப் போனதும் நடேசன் துள்ளினான். "கிளியர் கேஸ் சார்! விலை போயிட்டாரு."

"விலை போனவன் இப்படி சாஞ்சு நிப்பானா? பாயற மாதிரி ஆக்ட் பண்ண மாட்டானா?"

நடேசனுக்குத் தலை சுற்றியது. விற்றவன் என்றால் நடிக்கவில்லை. விற்கவில்லை என்றால் தடுக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவரில் முட்டியது. பருப்பு அடிப்பிடித்தது.

மாலையில் ஹில்டாவோடு இருவரும் கிளப்புக்குப் போனபோது, கெஸ்லர் ஏணியைச் சாத்திவிட்டுக் காத்திருந்தார். கட்டைகுட்டையான மனிதர், அவர் முகத்திலும் சந்தோஷமில்லை. ரகுநாதன் புகைப்படத்தை மேஜைமேல் வைத்தார்.

"கோல்கீப்பரையே பார்த்துவிட்டோம். மற்றவர்களைப் பாருங்கள். பந்தை உதைக்கும் முன்பே, கோல் விழுந்தாகிவிட்டதுபோல ஆட்டத்தை மறுபடி தொடங்க நடக்கிறார்கள். அத்தனை பேருக்குமா வேலை கொடுத்தீர்கள்?"

கெஸ்லர் படத்தை எடுத்து அந்த முதுகுகளை எண்ணினார்.

"இது அந்தக் குழு முழுவதும் அறிந்த வழக்கம். பெனால்டி விதி வந்தபோது இங்கிலாந்தின் அமெச்சூர்கள் சிலர் அதை அவமானமாக நினைத்தார்கள். கண்ணியமானவன் வேண்டுமென்றே தவறு செய்வானா என்று கேட்டார்கள். தங்கள் ஆள் தப்பு செய்தான் என்று நடுவர் சொல்லிவிட்டால், அதற்குமேல் தடுப்பது கேவலம். விலகி நின்று கோலைக் கொடுத்துவிடுவார்கள். மகளிடம் சீட்டாட்டத்தில் செய்ததும் அதுதானே?"

ஹில்டா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பா இதை என்னிடம்கூடச் சொன்னதே இல்லையே!"

"சொல்லியிருந்தால் இந்த ஊருக்கு அந்த வெற்றி இருந்திருக்காது, அம்மா."

நடேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. கெஸ்லருக்கு அதற்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். மனிதர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "இங்கிலாந்துக்காரர்களை ஜெயித்த கிளப் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து விழா எடுக்கிறோமே. அப்படியானால் எதைக் கொண்டாடினோம்?"

ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"என் அப்பா விருந்துக்கு வந்தவர், ஹெர் கெஸ்லர். வெறுங்கையோடு வருவாரா?"