குடும்பத் தலைவர்

தையற்காரி அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனது நல்ல வெயில் நேரத்தில். பேய் வீட்டுக்கு மழையிலும் இருட்டிலும்தான் போய்ச் சேர வேண்டும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது; வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. தரகருக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது போக வேண்டும்.

தரகர் சாவியைச் சுண்டுவிரலில் சுழற்றியபடி, அரண்மனையை எழுதிக் கொடுக்கிறவர் போல முன்னே நடந்தார்.

"காத்தோட்டமான வீடும்மா. இந்த வாடகைக்கு இந்த ஊர்ல சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது."

அதென்னவோ உண்மைதான். தனியாக இருக்கிற பெண் என்று தெரிந்ததும் அந்தச் சின்ன ஊரின் கதவுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் சாத்திக்கொண்டன. புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவளும் அவள் மகளும் அண்ணன் வீட்டுச் சாமான் அறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார்கள். மாதக் கடைசிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று அண்ணி சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டாள். சிரித்த முகத்தோடு சொன்னால் அது விரட்டுவது ஆகாதாம்.

முன்னறை, சமையலறை, ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. உள்ளறையைத் தரகர் தள்ளி நின்று சாவியால் காட்டினார்.

"உள்ள வந்து காட்டுங்களேன்."

"ரூம்ல காட்ட என்னம்மா இருக்கு? நாலு சுவர், ஒரு கதவு. எல்லா ரூமும் அப்படித்தான்."

உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. வெகுநாள் யாரோ எழுந்திருக்காமல் கிடந்த படுக்கையின் வாடை.

வீட்டின் சொந்தக்காரருக்கு ஊரில் வள்ளல் என்று பெயர். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு போட்டு, முதுகு சாய்கிற இடம் முழுக்கத் தன் பெயரைப் பொறித்து வைத்த தர்மவான். தானே செலவு செய்து நடத்திய பாராட்டுக் கூட்டத்தில் தனக்குப் போர்த்திய சால்வையைக் கோடையிலும் கழற்றாதவர். இந்த வீடு ஒரு வழக்கில் அவர் கைக்கு வந்தது. வாசலைத் தாண்டி அவர் உள்ளே வந்ததே இல்லை. வாடகை வாங்க வாசல் போதும்.

வாடகை குறைவுதான். ஆனால் ஒருத்தி நாள் முழுக்க மெஷினை மிதித்தாலும் அதில் பாதிதான் தேறும். மீதிப் பாதிக்கு வாடகை உதவி அலுவலகத்தைத்தான் நம்ப வேண்டும்.

உதவி செய்கிற அலுவலகங்களில், உதவக் கூடாது என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஓர் அறிவாளியை வைத்திருப்பார்கள். குடிவந்த வாரமே அவர் நேரில் வந்தார். நாடாவை இழுத்து ஜன்னலை அளந்தார். சமையலறைக் குழாயைத் திறந்து, அது தண்ணீர்தானா என்று சந்தேகமாகப் பார்த்தார்.

"குடும்பத் தலைவர் யாரு?"

"நான்தான் சார்."

அதிகாரி, குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார். "நீங்க குடும்பத்துல இருக்கீங்கம்மா. நான் கேக்கறது தலைவர்."

"வீட்டுக்காரர் போயிட்டார் சார். நான்தான் சம்பாதிக்கிறேன். நான்தான் பிள்ளைய வளக்கிறேன்."

"பாராட்டத்தக்கது. ஆனா நெறிமுறையில தலைவர்னுதான் இருக்கு, தலைவின்னு இல்ல. தலைவர் இல்லாத இடம் எங்க பார்வையில குடும்பமே இல்ல. இல்லாத குடும்பத்துக்கு எப்படி உதவறது, நீங்களே சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே உள்ளறைப் பக்கம் திரும்பியவரின் முகம் மாறியது. நிமிர்ந்திருந்த முதுகு வளைந்தது. காலணிகளைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"பெரியவர் இருக்காரே!" குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "முதல்லயே சொல்றதில்லையாம்மா?"

தையற்காரி திரும்பிப் பார்த்தாள். பாதி திறந்த கதவு. இருட்டு. சுவரில் ஓர் ஆணி.

யாரும் இல்லை.

"ஏன் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கார்? உடம்புக்கு முடியலையா?"

யாரும் இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் மாதக் கடைசியில் அவளும் மகளும் மெஷினும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"மாமனாரா?" உறவையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

"ஆமாங்க."

உள்ளே யாரோ செருமினார்கள்.

உதவி உடனே வந்துவிட்டது. உழைத்துச் சோறு போடுகிறவள் குடும்பத்துக்குத் தலையாக முடியாது. இருட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஆகலாம். ஆம்பளையாக இருந்தால் போதும். உயிரோடு இருப்பதெல்லாம் கூடுதல் தகுதி.

தலைவரும் பதவிக்கு ஏற்றபடி நடந்துகொண்டார். அம்மாவும் மகளும் எதற்காவது சிரித்தால் உள்ளேயிருந்து ஒரு செருமல். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினால் ஒரு செருமல். புருஷன் வீட்டில் பார்க்காத மாமனாரை இங்கே வாடகைக்கு எடுத்தது போல ஆகிவிட்டது.

மகள்தான் ஒருநாள் சொன்னாள். "அம்மா, தாத்தா சுவத்தையேதான் பாக்கறார்."

இன்னொரு நாள்: "தாத்தா கொஞ்சம் திரும்பிட்டார்."

தையற்காரி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "முகம் தெரிஞ்சுதா?"

"இல்ல. காது தெரியுது."

அன்று மத்தியானம் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உள்ளறை வாசலில் போய் நின்றாள். வாடை மூக்கை அடைத்தது.

"மாமா... உங்கள வெச்சுத்தான் எங்களுக்கு இந்த வீடு. நன்றி மறக்க மாட்டேன். என் பொண்ணு பக்கம் மட்டும் திரும்பாதீங்க."



பிறகு, தரையில் கனமாக எதுவோ நகர்ந்து உட்காரும் சத்தம்.

சாயங்காலம் வந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "தாத்தா மறுபடியும் சுவத்துப் பக்கம் திரும்பிட்டார்மா!"

தையற்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்னதைக் கேட்டு நடந்த முதல் ஆண்.

அலுவலகம் உதவி கொடுக்கிறது என்ற செய்தி வள்ளலின் காதுக்குப் போனதும் தர்ம சிந்தனை பொங்கிவிட்டது. சால்வையை இழுத்துவிட்டபடி வாசலில் வந்து நின்றார்.

"உதவி வருதாமே. சந்தோஷம். அந்த உதவி எவ்வளவோ அவ்வளவு வாடகையில ஏத்திக் குடுத்துடு. என் வீட்டுக்குத்தானே அது வருது?"

"அப்ப எனக்கு என்ன ஐயா உதவி? பழையபடி கட்ட முடியாம நாங்க தெருவுக்குத்தான் போகணும்."

"பொம்பளைங்ககிட்ட நான் வாடகை பேசறதில்ல. பெரியவர் ஒருத்தர் இருக்காராமே, கூப்பிடு."

"அவர் யார்கிட்டயும் பேச மாட்டார் ஐயா."

"என்கிட்ட பேசாதவன் இந்த ஊர்ல பொறக்கல." செருப்போடு உள்ளே நுழைந்தார்.

"வேணாம் ஐயா, அங்க போகாதீங்க!" அவள் குறுக்கே கை நீட்டினாள். ஈயை ஓட்டுவது போலத் தள்ளிவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. யாரும் சாத்தவில்லை.

முதலில் அவர் குரல் கணீரென்று கேட்டது. பெஞ்சைப் பற்றிச் சொன்னார். பாராட்டுக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். தான் யார் என்று விளக்கினார். பிறகு வேகம் குறைந்தது.

"பேசறேன்ல? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."



தரையில் கனமாக எதுவோ நகர்ந்தது.

"வேணாம்... திரும்ப வேணாம்..."

வெளியே வந்தபோது சால்வை ஒரு முனையில் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்து, "வாடகை பழையபடியே இருக்கட்டும்" என்றார். வீட்டுக்குப் போய்த் தன் படுக்கையறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தானாம், அப்புறம் யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. அப்படியே ஒரு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். ஊர் முழுக்கச் சுவரொட்டி ஒட்டினார்கள். அவருடைய மகன் வாடகை வாங்கத் தரகரை அனுப்பினான். தரகர் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே கை நீட்டினார்.

உதவியைத் தொடரலாமா என்று பார்க்க அதிகாரி மறுபடி வந்தார். இந்த முறை வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டார். நேராக உள்ளறைக்கு முன் போய் நின்று கும்பிட்டார்.

பிறகு, சற்றுத் தள்ளி, இன்னொரு கும்பிடு போட்டார்.

"தலைவர் சரி. பக்கத்துல சால்வை போட்டவர் யாரும்மா? அவரும் சுவத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கார்."

தையற்காரி எட்டிப் பார்த்தாள். இருட்டும் ஆணியும் தவிர அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

"உங்களுக்கு என்ன உறவு?"

ஒருமுறை உறவு சொல்லி அனுபவப்பட்டவள் அவள். சொல்லிவிட்டால் அது நிலைத்துவிடும்.

"உறவெல்லாம் இல்ல சார். போக இடம் இல்லாதவர். உள்ள ஒண்டிக்கிட்டிருக்கார்."

"உள்வாடகையா?" அதிகாரியின் புருவம் உயர்ந்தது. "நெறிமுறைப்படி தப்பாச்சே. வாடகையாவது ஒழுங்கா குடுக்கறாரா?"

அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. ஊரையே அதட்டிப் பழகிய குரல், இப்போது தேய்ந்து, கெஞ்சி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு:

"குடுத்துடறேங்க... இந்த ஒரு மாசம் பொறுத்துக்குங்க... வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க..."

அதிகாரி திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"பரவாயில்ல" என்றார், காலணியை மாட்டிக்கொண்டே. "மரியாதை தெரிஞ்ச மனுஷன்."