வெளுத்துப்போன இடம்

வெளுத்துப்போன இடத்தில் எதுவும் இருக்காது. வெயில் கொட்டிய பனிப்பாறையின் நடுப்பகுதியைக் கேமரா வெறும் வெள்ளையாக விழுங்கியிருந்தது. பதினெட்டு வருடமாகப் படம் திருத்திப் பிழைப்பவருக்கு இது தெரியாதா? ஆனாலும் வெள்ளையைக் குறைக்கும் ஸ்லைடரை நூலளவு இடப்பக்கம் இழுத்ததும், அதற்குள் ஒரு கோடு வந்து நின்றது. நேர்கோடு. பனி நேர்கோடு போடாது.

படம் எடுத்தவர் சுற்றுலாக் கப்பலில் மூன்றே நாள் போய்வந்து, 'துருவ ஆய்வாளர்' என்று அட்டை அடித்துக்கொண்டவர். படம் திருத்துவது இங்கே புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே செய்யும் தொழில். அந்த ஆய்வாளருக்குப் பனிச்சக்கரவர்த்தி என்று பெயர் வைத்ததும் சேர்ந்தேதான். "பாறையோட ஆன்மா தெரியணும் சார்" என்பது சக்கரவர்த்தியின் ஆணை.

ஆன்மாவைத் தேடி இன்னும் கொஞ்சம் இழுத்தார். கோட்டுக்கு இணையாக இன்னொரு கோடு, மேலே ஒரு குறுக்குக் கோடு. கதவு. அதில் ஒற்றைத் திருகாணியில் தொங்கும் கைப்பிடி. இந்த அறையின் கைப்பிடி.

திரும்பிப் பார்த்தார். பின்சுவர் மொழுமொழுவென்று வெள்ளையாக இருந்தது. கதவைக் காணோம்.

"சாப்பிட வாங்களேன், ஆறிப்போகுது!"

மனைவியின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வரவில்லை. திரைக்குள்ளிருந்து, கிணற்றின் அடியிலிருந்து பேசுவதுபோல் வந்தது. எழுந்து சுவரைத் தடவினார். மின்விசிறியின் கடகடப்பு மெலிந்து, எங்கோ பனி மெல்ல விரிசல்விடும் நொறுநொறுப்பு மட்டும் கேட்டது. ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாடை மூக்கை அறுத்தது. அறையின் மூலை இருந்த இடத்தில் மூலை இல்லை. படத்தில் மீட்டெடுத்ததெல்லாம் இந்த அறையிலிருந்து போயிருக்கிறது.

ஸ்லைடரைத் திரும்பத் தள்ளினால்? பாய்ந்தார். மேசை இல்லை. மௌஸ் இல்லை. திரை மட்டும். ஜன்னல்போல, அதற்கப்பால் அவருடைய அறை.

அங்கே கதவு திறந்தது. மனைவி வந்தாள். "எங்க போனீங்க?" காலி நாற்காலியைப் பார்த்தாள். அவர் திரையை அறைந்தார். கண்ணாடி இல்லை, பனிக்கட்டி. உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

அவளுடைய போன் அடித்தது. சக்கரவர்த்தி.

"மேடம், யோசிச்சுப் பார்த்தேன். ஆன்மாவெல்லாம் வேணாம். சுத்த வெள்ளையா விட்டுடுங்க. வெறுமைதான் கலை."

"இதைக் காலையிலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா" என்று போனை வைத்த பிறகு சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையருகே குனிந்தாள். அவ்வளவு அருகில்.

"இதென்ன, அழுக்கு மாதிரி?"

கத்தினார். சத்தம் வரவில்லை.

அவள் கை மௌஸுக்குப் போனது. அவருடைய விரல்கள் வெளுத்தன. சட்டை. கழுத்து. கருப்பான இடம்தான் கடைசியில் வெளுக்கும். எஞ்சியிருந்த அந்தத் திறந்த வாயை அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஸ்லைடரை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினாள்.